அய்மாரா பெண்களுக்கான பிரசவ அறை: எதை மாற்றணும்?

செவிலி_மாணவி:
பொலிவியாவில் எல் ஆல்ட்டோ மாதிரி 4,000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர்களில் அய்மாரா பழங்குடிப் பெண்கள் ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்குத் தயங்குவது ஏன்? சுவரில் அவர்களுடைய நெசவுத்துணி தொங்கவிட்டால் சரியாகிவிடும் என்பதுபோல் சிலர் எழுதுகிறார்கள்.

மலைக்காற்று:
துணியால் ஒன்றும் ஆகாது. முதல் எதிரி குளிர். பிள்ளை பெற்ற உடம்பில் குளிர் ஏறினால் 'சோப்ரெபார்த்தோ' என்னும் பிரசவத்துக்குப் பிந்தைய நோய் வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. பச்சைத்தண்ணீரில் துடைப்பது, மெல்லிய கவுன், ஆளாளுக்குக் கதவைத் திறந்து மூடுவது, இவைதான் விரட்டுகின்றன. அறைச்சூடு 25 டிகிரிக்குக் குறையக் கூடாது. சொந்தப் பாவாடையும் கம்பளிக் காலுறையும் உடம்பிலேயே இருக்கட்டும். துடைக்க வெந்நீர், குடிக்கச் சுடச்சுட சூப்.

குந்திப் பெறுவதற்குத் தரைவிரிப்பும், பிடித்துக்கொள்ளக் கயிறோ கணவன் தோளோ வேண்டும். இதில் ஒரு சிக்கல்: ரத்தம் விரிப்பில் ஊறிவிடும், 500 மில்லி தாண்டினாலும் கண்ணுக்குத் தெரியாது. குழந்தை வந்ததுமே அடியில் அளவுத்தட்டு வையுங்கள். எப்படிப் பெற்றாலும் ஒரு நிமிடத்துக்குள், கருப்பையைச் சுருக்கி ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போட்டாக வேண்டும். அதில் சமரசமே இல்லை.

கஷாயப்பித்தன்:
வலி எடுக்க வீட்டில் ஏதாவது மூலிகை குடித்தாரா என்று, அதட்டாமல், டிரிப் போடுமுன் கேளுங்கள். கருப்பையைச் சுருக்கும் மூலிகையோடு ஆக்ஸிடோசின் டிரிப்பும் சேர்ந்தால் சுருக்கம் விடாமல் பிடித்து, குழந்தைக்கு மூச்சுத்திணறும்.

அப்புறம் நஞ்சுக்கொடி. அதைக் குடும்பம் முறைப்படி புதைக்கும். தவறினால் தாய்க்கு நோய் வரும் என்று நம்புகிறார்கள். வழக்கமான தவறு, யாரோ பழக்கதோஷத்தில் ஃபார்மலினில் (பதப்படுத்தும் நச்சு ரசாயனம்) போட்டுவிடுவது. போட்டபின் திருப்பித் தர முடியாது. முன்கூட்டியே கேட்டு, தொற்றுப் பரிசோதனை முடிவையும் பார்த்து, கசியாத இரட்டைப் பையில் அன்றே கொடுத்துவிட வேண்டும்.

செவிலி_மாணவி:
பெற்றவள் 'சோப்ரெபார்த்தோ' என்று சொன்னால் பாரம்பரிய வைத்தியரிடம் விட்டுவிடலாமா?

மலைக்காற்று:
முதலில் தெர்மாமீட்டர். நடுக்கம், தலைவலி, உடம்புவலி என்றுதான் கருப்பைத் தொற்றும் தொடங்கும். 38 டிகிரியோ, நாற்றமுள்ள உதிரப்போக்கோ இருந்தால் ஆன்டிபயாட்டிக்கைத் தள்ளிப்போடக் கூடாது. போர்வையும் சூடும் கூடவே நடக்கட்டும்.

யாரைக் கூப்பிடுவது என்பதிலும் குழப்பம் உண்டு. 'யாத்திரி' (நம்மூர் யாத்திரிகர் இல்லை!) கோக்கா இலை பார்த்துச் சொல்பவர், சடங்கு செய்பவர், 'குல்லிரி' மூலிகை வைத்தியர், பிரசவத்துக்கு மருத்துவச்சி தனி. பொலிவியாவின் 2013ஆம் ஆண்டு 459ஆம் எண் சட்டமும் ஆன்மிக வழிகாட்டி, பாரம்பரிய மருத்துவர், மருத்துவச்சி, இயற்கை வைத்தியர் என்று தனித்தனியாகவே பிரிக்கிறது. பாரம்பரிய வைத்தியர்களுக்கான 'ருமெத்ராப்' அரசுப் பதிவேட்டில் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்று பார்த்துக் கூப்பிடுங்கள்.