அம்மாவுக்கு நெஞ்சு படபடப்பு, ஈசிஜி நோர்மலாம், இனி என்ன செய்யிறது?

வெள்ளவத்தை மகள்:
அம்மாவுக்கு 68 வயசு, பிரஷரும் சீனி வருத்தமும் இருக்கு. ராவில திடீரெண்டு நெஞ்சு படபடவெண்டு அடிக்குது எண்டு எழும்பி இருப்பா, கொஞ்ச நேரத்தில அடங்கிடும், விடிஞ்சு கூட்டிக்கொண்டு போய் ஈசிஜி எடுத்தா ஒண்டுமில்லையாம், யோசிக்காதீங்கோ எண்டு அனுப்பிடுறாங்கள். அவ பயந்துபோய் இருக்கிறா. வேற என்ன டெஸ்ட் கேக்கலாம்?

ஈசிஜி ரூம் ஆள்:
தங்கச்சி, ஈசிஜியில விழுறது அந்தப் பத்து செக்கன் துடிப்பு மட்டும்தான். படபடப்பு அடங்கின பிறகு எடுத்தா நோர்மலாத்தான் வரும், அதுக்காக வருத்தம் இல்லையெண்டு ஆகாது. கார்டியோலொஜிஸ்ட்டிட்ட காட்டி ஹோல்டர் கேளுங்கோ, துடிப்பை விடாமப் பதியிற சின்ன மெஷின், 24 மணித்தியாலம் நெஞ்சில பூட்டி விடுவாங்கள், அதில சிக்காட்டி இன்னும் கூட நாளைக்குப் பூட்டலாம். எக்கோ எண்ட இதய ஸ்கேனும், ரத்தத்தில தைரொயிட், பொட்டாசியமும் பாக்கோணும். அடுத்தமுறை வரேக்க மணிக்கட்டில நாடி பிடிச்சுப் பாருங்கோ, வேகமா ஆனா ஒரே சீரா அடிக்குதா, இல்ல தாளமே இல்லாம அடிக்குதா எண்டு நேரத்தோட எழுதி வையுங்கோ. சீரா ஓடி சட்டெண்டு நிண்டா எஸ்விடியா (மின்பாதைப் பிழையால திடீரெண்டு வாற வேகத் துடிப்பு) இருக்கலாம், அதை அப்லேஷன் (வயர் விட்டு அந்தப் பாதையை அழிக்கிறது) செய்து அநேகமா முழுசாவே மாத்தலாம். தாளம் தப்பினா ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைத்தான் (ஏஎஃப், இதயத்தின்ட மேலறை தாறுமாறாத் துடிக்கிறது) முதல் யோசிப்பினம். மயக்கமோ நெஞ்சு நோவோ மூச்சு முட்டோ வந்தா விடியும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காம 1990 அம்புலன்சுக்கு அடிங்கோ.

பம்பலப்பிட்டி அண்ணா:
ஏஎஃப் எண்டு வந்தா துடிப்பைக் குறைக்கிற குளிசை மட்டும் காணாது தங்கச்சி. மேலறை ஒழுங்கா சுருங்காம ரத்தம் தேங்கி, கட்டியாகி, மூளைக்குப் போனா பாரிசவாதம். அம்மான்ட வயசு, பிரஷர், சீனி எல்லாத்துக்கும் புள்ளி போட்டுத்தான் ரத்தம் உறையாம இருக்க மருந்து எழுதுவினம், அஸ்பிரின் அதுக்கு ஈடில்லை. என்ட அப்பா அப்பிடி ஒரு மருந்து, வார்ஃபரின் எடுக்கிறார், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு பாக்கிற டெஸ்ட்) 2க்கும் 3க்கும் இடையில நிக்கோணும். கீரையை விடத் தேவையில்லை, ஒரே அளவா சாப்பிட்டாச் சரி. அபிக்ஸபான் மாதிரி புது மருந்துக்கு ஐஎன்ஆர் பாக்கத் தேவையில்லை, ஆனா கிட்னி பாத்துத்தான் குடுப்பினம், இதயத்தின்ட மைட்ரல் வால்வு நல்லா ஒடுங்கினவைக்கு இப்பவும் வார்ஃபரின்தான்.

வெள்ளவத்தை மகள்:
நேத்து ராவும் வந்தது, நாடி தாறுமாறாத்தான் அடிச்சது, எழுதி வச்சிருக்கிறன். ஹோல்டருக்குச் சொல்லியாச்சு. பூட்டினா குளிக்கலாமா?

ஈசிஜி ரூம் ஆள்:
கழட்டும் வரைக்கும் குளிக்கேலாது, முதலே குளிச்சிட்டு வரட்டும், நெஞ்சில எண்ணெய் பவுடர் ஒண்டும் பூசவேண்டாம், இல்லாட்டி ஒட்டுறது கழண்டிடும். பூட்டின பிறகு கட்டிலிலயே படுக்க விடாதீங்கோ, சமையல், படியேறுறது எல்லாம் வழமை போல செய்யட்டும். அந்த ஈசிஜி ரிப்போட்டுகளையும் எறியாம கொண்டு போங்கோ.