பலகை ஆதாரமா, இல்லையா? ஒரு நடுகல் கட்டுரையும் தருமபுரிப் புதியவர்களும்

தகடூரான்:
போன வாரம் 'பழைய பேனா' ஐயா இங்கே ஒரு முத்தை உதிர்த்துவிட்டுப் போனார். "விக்கிப்பீடியாவுக்குப் புதிதாக வருகிறவர்களைத் தூக்கிச் சுமக்க நமக்கு நேரமில்லை. பலகையைப் பார்த்து எழுதுவதெல்லாம் கட்டுரையே அல்ல" என்றார். யாரைக் குத்துகிறார் என்று எனக்குத் தெரியும். புதியவர்களுக்கு விக்கிப்பீடியாவில் எழுதப் பழக்கும் பட்டறையை நடத்தியவன் நான். அரூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி தன் ஊர் ஏரிக்கரையில் நிற்கும் நடுகல்லைப் பற்றி எட்டு வரி எழுதினாள். கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் நீலப் பலகையைப் படமெடுத்து ஆதாரமாகக் காட்டினாள். நாற்பது நிமிடத்தில் நீக்கல் வார்ப்புரு, அதாவது 'இந்தக் கட்டுரையை நீக்க வேண்டும்' என்ற அறிவிப்பு, அதன் தலையில் விழுந்துவிட்டது. போட்ட புண்ணியவான், கருத்துச் சொல்வதற்கென்றே இருக்கும் பேச்சுப் பக்கத்தில் ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் பட்டறைக்கு அந்தப் பெண் வரவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அரசு நட்ட பலகை ஆதாரமா, இல்லையா?

பழைய பேனா:
இல்லை.

தகடூரான்:
பார்த்தீர்களா, இதுதான் வரவேற்பு. வார்ப்புரு போட்டவரும் இப்படித்தான்.

பழைய பேனா:
விளக்கமாகச் சொன்னால் தாங்குவீர்களா தம்பி? 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கிய காலத்தில் தமிழில் தட்டச்சு செய்யத் தெரிந்த ஆளைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. இப்போது பட்டறை என்று ஒன்றை வைத்து, ஒரே மதியத்தில் கட்டுரைகளைக் கொட்டிவிட்டுச் சான்றிதழோடு போய்விடுகிறீர்கள். கூட்டிப் பெருக்குவது யார்? உங்கள் பட்டறையில் வந்தவற்றை ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்தவன் நான். ஒன்று ஒகேனக்கல். அதற்குக் கட்டுரை ஏற்கெனவே இருக்கிறது, தேடிப் பார்க்கக்கூட யாரும் சொல்லித்தரவில்லை. ஒன்று பாப்பாரப்பட்டியில் 1925இல் மறைந்த சுப்பிரமணிய சிவாவைப் பற்றியது. நாளிதழில் வந்ததை எழுத்துப்பிழையோடு அப்படியே ஒட்டியிருந்தார்கள். அது பதிப்புரிமை மீறல். இன்னொன்று உங்கள் கல்லூரித் தாளாளரைப் பற்றி, தலைப்பே 'கல்வி வள்ளல்'. நடுகல் கட்டுரை எப்படித் தொடங்குகிறது தெரியுமா? "எங்கள் மண்ணின் வீரத்தை விண்ணதிரப் பறைசாற்றும் வகையில்..." இது கலைக்களஞ்சியமா, பேச்சுப்போட்டியா?

தகடூரான்:
தாளாளர் கட்டுரையை நானே நீக்கச் சொன்னேன். பேச்சை மாற்றாதீர்கள். பலகை?

ஊத்தங்கரை டீச்சர்:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். 'ஆதாரம்' என்றால் என்ன என்று முதலில் ஒரு முடிவுக்கு வருவோமா? எழுதுகிறவரோடும் எழுதப்படுகிற பொருளோடும் தொடர்பில்லாத ஒருவர் வெளியிட்டதாக இருக்க வேண்டும், வாசகர் போய்ச் சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். பலகையில் இருப்பது இரண்டு வரித் தகவல். அதே கல்லைப் பற்றித் தொல்லியல் துறையின் கல்வெட்டுத் தொகுப்பில் இருந்தால் அதைக் காட்டிவிட்டால் போதுமே. என் வகுப்பில் முதல் வாரம் யாரும் புதுக் கட்டுரை தொடங்கக் கூடாது. தன் ஊர்க் கட்டுரையில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டும், அடுத்த நாள் ஒரு வரியும் அதற்கு ஒரு மேற்கோளும் சேர்க்க வேண்டும். மணல்தொட்டிக்கு, அதாவது எழுதிப் பழகும் பக்கத்துக்கு, போவது அதற்குப் பிறகுதான். 'மாபெரும்', 'புகழ்பெற்ற' என்று எழுதினால் நானே அடித்துவிடுவேன்.

தகடூரான்:
சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்று டீச்சரே சொல்லிவிட்டார்! அரூர் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறி, ஏரிக்கரையில் இறங்கினால் எதிரே பலகை. கண் இருக்கிறவர் எவரும் சரிபார்க்கலாம். நூலகத்தில் பூட்டிக் கிடக்கும் தொகுப்பைவிடப் பலகையைப் பார்ப்பது எளிது.

ஊத்தங்கரை டீச்சர்:
நான் சொன்னது அதுவல்ல.

பழைய பேனா:
பலகையை நட்டது அரசு என்று உங்களுக்கு யார் சொன்னது?

தகடூரான்:
நீல நிறம். வெள்ளை எழுத்து.

பழைய பேனா:
எங்கள் தெருவில் தண்ணீர் கேன் விற்பவரின் பலகையும் நீலம்தான்.

கிளிமூக்கு:
கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். ஒரு வருத்தம். நடுகல் என்றாலே தருமபுரி என்று எழுதிக்கொண்டே போகிறீர்கள். எங்கள் பக்கம் கல் இல்லையா? வேடியப்பன் கோயில் என்று நாங்கள் பொங்கல் வைப்பதில் எத்தனை உண்மையில் நடுகல்! மயிலாடும்பாறை இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். அது எந்த மாவட்டம்?

தகடூரான்:
2004 பிப்ரவரி 9 வரைக்கும் தர்மபுரி மாவட்டம்.

கிளிமூக்கு:
அப்படியானால் 1965 வரைக்கும் நீங்கள் சேலம். சேலத்துக்காரர் வந்து உங்கள் கல்லைக் கேட்டால் கொடுப்பீர்களா?

பழைய பேனா:
முதலில் 'தருமபுரி' என்று எழுதப் பழகுங்கள் தகடூரான். கட்டுரைத் தலைப்பும் அதுதான். பட்டறை நடத்துகிறவரே 'தர்மபுரி' என்று எழுதினால் பிள்ளைகள் எப்படி எழுதுவார்கள்?

தகடூரான்:
எங்கள் ஊரை எப்படி எழுதுவது என்று எனக்குப் பாடமா? என் பாட்டன் வாங்கிய பத்திரத்தில் 'தர்மபுரி' என்றுதான் இருக்கிறது.

கிளிமூக்கு:
பத்திரம் ஆதாரமா, இல்லையா? :)

அரூர் மாணவி:
வணக்கம். அந்தக் கட்டுரையை எழுதியது நான்தான். நான் வராததற்குக் காரணம் வார்ப்புரு அல்ல, அன்று பஸ் வரவில்லை. எனக்கு ஒரு சந்தேகம். நீக்கிவிட்டால் நான் எழுதியது மொத்தமும் அழிந்துபோய்விடுமா? துறையின் தொகுப்பைத் தேடி எடுத்தபின் அதையே திருத்தி எழுதலாமா?

தகடூரான்:
அம்மா, நீ கவலைப்படாதே. இது உன் கட்டுரையைப் பற்றிய பிரச்சினை அல்ல. கொள்கைப் பிரச்சினை. பலகை ஆதாரம் என்பதை இவர்கள் ஒப்புக்கொள்ளும்வரை நான் விடப்போவதில்லை.

பழைய பேனா:
பார்த்தீர்களா? பெண் பஸ் வரவில்லை என்கிறாள். நீங்கள் மனம் உடைந்து போய்விட்டாள் என்று கதை கட்டினீர்கள்.

தகடூரான்:
நான் வரவில்லை என்று மட்டும்தான் எழுதினேன். மேலே போய்ப் படியுங்கள்.

ஊத்தங்கரை டீச்சர்:
யாரும் பதில் சொல்லாததால் நானே சொல்கிறேன் அம்மா. நீக்கப்பட்டது அழிந்துபோகாது. நிருவாகி ஒருவரிடம் கேட்டால் உன் பயனர் பக்கத்தின் கீழ் மீட்டுத் தருவார், அங்கேயே வைத்துத் திருத்து. பேச்சுப் பக்கத்தில் கேட்கும்போது கடைசியில் நான்கு அலைக்குறி (~~~~) இடு, உன் பெயரும் நேரமும் தானாக வந்துவிடும். இன்னொன்று, கல்லில் இருக்கும் எழுத்தை நீயே படித்துப் பொருள் சொல்லி...

பழைய பேனா:
டீச்சர் அங்கேதான் வருகிறார். அதுதான் சொந்த ஆய்வு. அதியமான் பெயர் உள்ள ஜம்பைக் கல்வெட்டு 1981இல் கிடைத்தது. படித்தவர்கள் கல்வெட்டறிஞர்கள். அப்படிப்பட்டவர்களுக்குள்ளேயே அதன் மேல் எவ்வளவு வாதம் நடந்தது! கல்லைப் பார்த்ததும் மாணவர் ஒருவர் 'இது பல்லவர் காலம்' என்று எழுதிவிட முடியாது. படித்து வெளியிட்டவர் சொன்னதைத்தான் எழுத வேண்டும். இன்னும் கேளுங்கள். அந்தப் பலகையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நூற்றாண்டு எண்ணில் பாதிப் பெயிண்ட் உதிர்ந்திருக்கிறது. அது 9 அல்ல, 6. கட்டுரையில் 9 என்று இருக்கிறது. உங்கள் ஆதாரத்தின் இலட்சணம் இது.

தகடூரான்:
அது 9. நான் நேரில் பார்த்தேன்.

பழைய பேனா:
நேரில் பார்த்ததற்கு மேற்கோள் உண்டா?

கிளிமூக்கு:
எனக்கு 8 மாதிரி தெரிகிறது.

பழைய பேனா:
இன்னும் ஒன்று. கல்லின் படத்தை விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றலாம், அது ஆயிரம் ஆண்டுப் பழையது. பொது இடத்துச் சிற்பங்களைப் படமெடுக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் இடம் தருகிறது. பலகையில் யாரோ எழுதிய வாசகம் அந்த வகையில் வராது. இதையெல்லாம் உங்கள் பட்டறையில் சொன்னீர்களா? மதியம் பிரியாணி போட்டதை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள்.

தகடூரான்:
பிரியாணி என் சொந்தக் காசு. ஓசூரில் விக்கிப்பீடியாக்காரர்கள் கூடிய கூடலில் டீக்காசு கொடுக்காமல் எழுந்து போனவர் யார் என்று நான் இங்கே சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். அன்றைக்குத்தான் என் ஊர் ஏரிக் கட்டுரையில் பாதியை வெட்டினீர்கள். அந்த வன்மம் இன்னும் போகவில்லை.

பழைய பேனா:
வெட்டியது பாதி அல்ல, முக்கால். ஏரி வெட்டியது உங்கள் பாட்டன் என்று எழுதியிருந்தீர்கள்.

தகடூரான்:
அவர்தான் வெட்டினார்!

ஊத்தங்கரை டீச்சர்:
எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை இருக்கிறது. வருகிறேன்.

தகடூரான்:
டீச்சரும் ஓடிவிட்டார். இவர்களிடம் பதில் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நடுகல் என்பதே அந்தக் காலத்துப் பலகைதானே. இன்னாருக்காகச் செத்தான், இன்னார் மாட்டை மீட்டான் என்று ஊர் கூடிக் கல்லில் எழுதி நட்டது. அதியமான் இறந்தபோது அவனுக்கு நட்ட கல்லை வைத்து ஔவை பாடியது புறநானூற்றில் 232ஆம் பாட்டாக இருக்கிறது. ஔவையிடம் யாராவது 'மேற்கோள் தேவை' என்று வார்ப்புரு போட்டார்களா? கல் ஆதாரமாகலாம், பலகை ஆகக் கூடாதா? ஏன், கல் கருப்பு, பலகை நீலம் என்பதாலா?

பழைய பேனா:
ஔவை பாட்டு எழுதினார், கலைக்களஞ்சியம் எழுதவில்லை.

கிளிமூக்கு:
ஒரு செய்தி. இன்று அரூருக்கு ஒரு திருமணத்துக்குப் போன வழியில் அந்த ஏரிக்கரையில் இறங்கிப் பார்த்தேன். கல் இருக்கிறது, புதுத் துண்டு கட்டியிருக்கிறார்கள். பலகையைக் காணவில்லை. கம்பி மட்டும் நிற்கிறது. கம்பிக்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருக்கிறார்கள்.

தகடூரான்:
கழற்றியது யார்? பழைய பேனா, சொல்லுங்கள்.

பழைய பேனா:
எனக்கு முட்டி வலி. மாடிப்படியே ஏறுவதில்லை.

தகடூரான்:
பரவாயில்லை. பலகை இருந்தபோது எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. அந்தப் படம் ஆதாரமா, இல்லையா?

பழைய பேனா:
இல்லை.