சொல் தேவை, அவசரம்: லென்ஸ் டிசென்டரிங்

வே.
அனைவருக்கும் வணக்கம். காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்கான நாலு பக்கக் கையேடு ஒன்று மொழிபெயர்ப்பில் இருக்கிறது: ‘விலை உயர்ந்த லென்ஸ் வாங்கியதும் செய்யவேண்டிய சோதனைகள்’. வெள்ளி காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பெட்டியில் உள்ள வரிசை எண்ணும் லென்ஸில் பொறித்த எண்ணும் ஒன்றா, கேமராவில் பொருந்தும் மவுண்ட்டில் ஆட்டம் இருக்கிறதா, பின்பக்கமிருந்து டார்ச் அடித்தால் உள்ளே பூஞ்சையோ மங்கலோ தெரிகிறதா என்பதெல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டது. சிக்கிக்கொண்ட இடம் டிசென்டரிங். உள்ளே அடுக்கியிருக்கும் கண்ணாடிகளில் ஒன்று, எல்லாவற்றின் நடுவிலும் செல்லும் ஒளியச்சை விட்டுப் பக்கவாட்டில் தள்ளி உட்கார்ந்துவிடுவது. இப்போதைக்கு ‘மையவிலகல்’ என்று போட்டிருக்கிறேன். நிற்குமா?

சு.
நிற்காது. மையவிலகல் என்றதும் பிள்ளைகள் மையவிலக்கு விசைக்குப் போய்விடுவார்கள். போதாததற்கு ஒளியியலிலேயே ‘விலகல்’ ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. ஒளிவிலகல், ஒளிவிலகல் எண் என்று படித்துவிட்டு வருகிறவர்களிடம் அதே பாடத்தில் இன்னொரு விலகலைக் கொடுக்காதீர்கள். டிசென்டரிங் என்றே விட்டால் என்ன குறைந்துவிடும்? கடையில் போய் அதைத்தானே சொல்லப்போகிறார்கள்?

ம.
எங்கள் பக்கத்துப் பாடநூல்களில் அது ஒளிமுறிவு, முறிவுச்சுட்டி. ஆனபடியால் இலங்கை வாசகருக்கு விலகலில் குழப்பம் வராது. ஆனால் கையேடு தமிழ்நாட்டுக்குத்தானே? அப்படியென்றால் சு. அக்கா சொல்வது நியாயம். ‘முறிவு’ என்ற சொல்லை அங்கேயும் எடுத்திருந்தால் இந்தக் கரைச்சலே இல்லை என்பதையும் பதிந்து வைக்கிறேன்.

இரா.
நண்பர்களே, சொல் நம் கையிலேயே இருக்கிறது. நடுவுநிலைமை அதிகாரத்தைத் திருப்புங்கள். குறள் 118 ‘ஒருபால் கோடாமை’ என்கிறது. டிசென்டரிங் என்பது ஒருபால் கோடியதுதானே? அடுத்த குறளில் ‘சொற்கோட்டம்’, ‘உட்கோட்டம்’ இரண்டும் வருகின்றன. உள்ளே இருக்கும் கோணல் உட்கோட்டம். வெளியே பார்த்தால் தெரியாது, உள்ளே ஒருபக்கம் சாய்ந்திருக்கும். இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா? கோட்டமில்லாத லென்ஸைச் ‘செப்பமான வில்லை’ என்று அதே குறளிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். லென்ஸ் என்று எழுதுவதையும் இத்தோடு நிறுத்துவோம். வில்லை என்ற சொல் இருக்கிறதே.

சு.
ஐயா, உட்கோட்டம் என்றால் இங்கே டி.எஸ்.பி. அலுவலகம்தான் நினைவுக்கு வரும். ‘லென்ஸில் உட்கோட்டம்’ என்று படித்துவிட்டு எந்தக் காவல் உட்கோட்டம் என்று கேட்பார்கள்.

இரா.
நிர்வாகம் கடன் வாங்கிய சொல்லை மூலப்பொருளுக்குத் திருப்பிக் கேட்கிறோம், அவ்வளவே. அதோடு கோட்டம் செத்த சொல்லும் அன்று. சைக்கிள் கடையில் இன்றும் ‘சக்கரத்தில் கோட்டம் எடுக்கணும்’ என்கிறார்கள். படித்தவர்கள் மறந்ததைப் பட்டறை காப்பாற்றி வைத்திருக்கிறது.

செ.
சைக்கிள் உதாரணம் நல்லா இருக்கு. ஆனா அதுலயே சிக்கலும் இருக்கு. ரிம் கோட்டம்னா சக்கரம் ஆடுது, சாய்ஞ்சு சுத்துது. லென்ஸ்ல கண்ணாடி சாய்ஞ்சிருக்கறது ஒரு கோளாறு, சாயாம பக்கவாட்டுல நகர்ந்திருக்கறது இன்னொரு கோளாறு. ரெண்டும் சேர்ந்தும் வரும். ஒரே சொல்லுல ரெண்டையும் அடைச்சா கையேட்டுல இருக்கற சோதனையே புரியாது. சொல்லுக்கு முன்னாடி சோதனையைப் பார்த்துடலாம்.

முக்காலி, ஐஎஸ்ஓ 100, ரெண்டு நொடி டைமர், கை நடுக்கத்தை ஈடுகட்டற ஸ்டெபிலைசேஷன் அணைச்சிருக்கணும். அப்பெர்ச்சர், அதாவது ஒளி வர்ற துளை, முழுசா திறந்து. துளையைச் சுருக்கி எஃப்/8ல எடுத்தா பாதிக் கோளாறு மறைஞ்சிடும், கடையில ‘நல்லாத்தானே இருக்கு’ன்னு காட்டறது பெரும்பாலும் அந்தப் படம்தான். பொடி எழுத்து இருக்கற செய்தித்தாளைச் சுவத்துல ஒட்டி, குவியத்தூரத்தைப் போல 50 மடங்கு தள்ளி நில்லுங்க. 35 மி.மீ. லென்ஸுக்கு 1.75 மீட்டர். அதே தாள் சட்டத்தோட நாலு மூலையிலயும் விழற மாதிரி கேமராவைத் திருப்பித் திருப்பி எடுக்கணும். ஒவ்வொரு மூலையிலயும் கேமராத் திரையில தெரியற லைவ் வியூவைப் பெரிசாக்கி, கையாலயே புதுசா ஃபோகஸ் பண்ணணும். நாலும் ஒரே அளவுக்கு மங்கலா இருந்தா அது அந்த லென்ஸோட வடிவமைப்பு, புகார் பண்ண முடியாது. மூணு நல்லா இருந்து ஒண்ணு மட்டும், எத்தனை தரம் ஃபோகஸ் பண்ணாலும் எழுத்து ஒரு பக்கமா இழுத்த மாதிரியே இருந்தா அதுதான் டிசென்டரிங். மையத்துல ஃபோகஸ் பண்ணி முழுச் சுவத்தையும் எடுத்தப்போ மங்கலா இருந்த மூலை, அங்கேயே ஃபோகஸ் பண்ணதும் தெளிஞ்சு, எதிர் மூலைக்கு ஃபோகஸ் வேற இடத்துல விழுந்தா அது சாய்வு.

ஜூமா இருந்தா ரெண்டு கோடியிலயும் நடுவுலயும் தனித்தனியா. 24 மி.மீ.ல சுத்தமா இருக்கறது 70 மி.மீ.ல சாய்ஞ்சிருக்கலாம்.

வே.
செ. அண்ணா, மையத்தில் ஃபோகஸ் வைத்து முழுச் சுவரையும் எடுக்கும்போது கேமராவே கோணலாக நின்றால்?

செ.
பாதிப் புகார் அதனாலதான் வருது. சுவத்துல ஒரு சின்னக் கண்ணாடியை மட்டமா ஒட்டுங்க. வியூஃபைண்டர்ல லென்ஸோட சொந்தப் பிம்பம் சட்டத்துக்கு நட்டநடுவுல தெரிஞ்சா சென்சாரும் சுவரும் இணை. அப்புறம் கேமராவைத் தலைகீழாத் திருப்பி இன்னொரு படம். மங்கல் கேமராவோடயே சுத்தி எதிர்ப்பக்கம் போனா கோளாறு கேமராவுலயோ லென்ஸ்லயோ. சுவத்துலயே அதே இடத்துல நின்னா நீங்க நிறுத்தின விதம் தப்பு. வேற லென்ஸ் மாட்டியும் அதே பக்கம் மங்கினா கேமரா பாடியோட மவுண்ட்டோ சென்சாரோ சாய்ஞ்சிருக்கு. அதுக்கு லென்ஸைத் திருப்பித் தந்து பிரயோஜனம் இல்ல.

இருட்டு அறையில புள்ளிச் சோதனையும் சேருங்க. ஃபோன் டார்ச் மேல அலுமினியத் தாள், அதுல குண்டூசித் துளை. சட்டத்து நடுவுல வச்சு லேசா ஃபோகஸைக் கலைச்சா வட்டம் வரணும். வெளிச்சம் ஒரு ஓரமா ஒதுங்கி வால் மாதிரி நீண்டா சந்தேகமே வேண்டாம். மூலைகள்ல வட்டம் பூனைக்கண் மாதிரி ஒடுங்கறது இயல்பு, ஆனா இடமும் வலமும் ஒண்ணுக்கொண்ணு பிம்பமா இருக்கணும். வட்டத்துக்குள்ள வெங்காய வளையம் தெரிஞ்சா பயப்படாதீங்க, அது கோள வடிவம் இல்லாத ஆஸ்பெரிக்கல் கண்ணாடியை அச்சுல வார்த்ததால வர்றது.

இரா.
மிக்க நன்று. அப்படியானால் ‘நடுப்பிறழ்ச்சி’ என்போம். நிறப்பிறழ்ச்சி (நிறங்கள் ஒரே இடத்தில் குவியாமை), கோளப்பிறழ்ச்சி (ஓரக் கதிரும் நடுக்கதிரும் ஒரே இடத்தில் குவியாமை) என்ற குடும்பத்தில் இதுவும் சேர்ந்துகொள்ளும். வில்லை பற்றி ஒரு வார்த்தை: இது வில்லிலிருந்து வந்ததன்று. கற்பூர வில்லை, டவாலி வில்லை என வட்டத் துண்டைக் குறிப்பது. லத்தீன்காரன் லென்ஸுக்கு மைசூர்ப் பருப்பின் பெயரை வைத்தான். உருவத்தைப் பார்த்துப் பெயரிடும் வழக்கம் இருவருக்கும் பொது.

செ.
பருப்பு இருக்கட்டும், பிறழ்ச்சிக்கு நான் எதிர்ப்பு. நிறப்பிறழ்ச்சி எல்லா லென்ஸ்லயும் கொஞ்சம் இருக்கும். அது கணக்குலயே இருக்கறது, அதே மாடல்ல வேற ஒண்ணு வாங்கினாலும் அப்படியேதான் இருக்கும். டிசென்டரிங் அந்த ஒரு லென்ஸைப் பூட்டினபோது நடந்தது, இல்ல கீழே விழுந்ததால வந்தது. மாத்திக் கேக்கலாம். பையன் கையேட்டைப் படிக்கறதே மாத்திக் கேக்கலாமா கூடாதான்னு தெரிஞ்சுக்கத்தான். ரெண்டுக்கும் ஒரே வால் ஒட்டினா எல்லாத்தையும் மாத்தக் கேட்டு நிப்பான், இல்ல எதையுமே கேக்கமாட்டான்.

ம.
அப்ப ‘நடுப்பிசகு’? பூட்டும்போது பிசகினது என்பது சொல்லிலேயே நிற்கிறது. சாய்வுக்குச் சாய்வே போதும், ‘கண்ணாடிச் சாய்வு’ என்று முழுசாகவும் எழுதலாம்.

இரா.
நடுப்பகல் போல வல்லெழுத்து மிகும், புணர்ச்சியில் குறையில்லை. ஆனால் பிசகு பேச்சுவழக்கு. கழுத்து பிசகியவன் ஒத்தடம் கொடுப்பதற்கான சொல்லை இயற்பியலில் ஏற்றுவதா?

சு.
கழுத்து பிசகினால் எலும்பு உடையவில்லை, இடம் தப்பியிருக்கிறது என்றுதான் அர்த்தம், ஐயா. இங்கே கண்ணாடி உடையவில்லை, இடம் தப்பியிருக்கிறது. டிசென்டரிங்கே போதும் என்றவள் நான், இதற்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் முறை வரும் இடத்தில் கடையில் சொல்லும் சொல்லும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பில்லோடு போய் நிற்கிறவன் ‘நடுப்பிசகு’ என்று மட்டும் சொன்னால் எலும்பு வைத்தியரிடம் அனுப்பிவிடுவார்கள்.

செ.
எனக்கு சரி. இன்னொண்ணு விட்டுப்போச்சு. புது லென்ஸைக் காதுகிட்ட ஆட்டினா உள்ள ஏதோ தடதடங்கும். ஸ்டெபிலைசர், ஃபோகஸை நகர்த்தற லீனியர் மோட்டார் இருக்கற பல லென்ஸ்கள்ல மின்சாரம் இல்லாதப்போ அந்தத் தொகுதி தளர்ந்துதான் கிடக்கும். அது பிசகு இல்லன்னு ஒரு வரி போட்டுடுங்க.

வே.
போட்டாயிற்று. கையேட்டில் நடுப்பிசகு, சாய்வு. தலைப்பில் லென்ஸ், ஒளியியல் விளக்கப் பெட்டியில் மட்டும் வில்லை. மையவிலகலை எடுத்துவிட்டேன். ‘திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனைகளை முடித்து, படங்களைத் திருத்தாமல் ரா (RAW) கோப்பாகவே வைத்துக்கொள்ளவும்’ என்பதையும் பெரிய எழுத்தில் சேர்த்திருக்கிறேன். நன்றி.

இரா.
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சாய்வுக்காவது உட்கோட்டத்தைக் கொடுத்திருக்கலாம். செ. சொன்ன சைக்கிள் கணக்குப்படியே அது அங்கே பொருந்துகிறது, யாரும் பதில் சொல்லவில்லை.

ம.
பூனைக்கண்ணுக்கும் வெங்காய வளையத்துக்கும் ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை, கவனித்தீர்களா? அதிருக்க, ஃபோகஸுக்கு வெளியே பின்னணி மங்கும் விதத்தைச் சொல்கிறார்களே, அந்தப் ‘பொக்கே’க்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?