உயிர் முளைத்தது கடலடியிலா, குட்டையிலா?

செம்பருத்தி:
மகளின் பள்ளிப் புத்தகத்தில் மில்லர் சோதனை வருகிறது. 1953: குடுவையில் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி, மின்பொறி, சில நாளில் புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்கள். பாடம் அங்கேயே முடிந்துவிடுகிறது. "சரி, அப்புறம்?" என்கிறாள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதகு:
அப்புறம் அந்தச் சோதனையின் மவுசு குறைந்துபோனது. ஆதிகால வளிமண்டலத்தில் மீத்தேனும் அம்மோனியாவும் அவ்வளவு இருந்திருக்காது, பெரும்பாலும் கார்பன் டைஆக்சைடும் நைட்ரஜனும்தான் என்று புவியியல்காரர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மளிகைச் சாமான் வாங்கி வைத்தால் சாம்பார் கொதித்துவிடுமா? அடுப்பு எரிய வேண்டும், அதுவும் அணையாமல்.

அந்த அடுப்பு கடலடியில் இருக்கிறது. 2000-ல் அட்லாண்டிக் நடுவே 'லாஸ்ட் சிட்டி' என்ற இடத்தைக் கண்டுபிடித்தார்கள். 60 மீட்டர் வரை உயர்ந்த வெள்ளைக் கோபுரங்கள். 40 முதல் 90 டிகிரி சூட்டில் காரத்தன்மையுள்ள நீர் கசிகிறது. எரிமலைக் குழம்பின் சூடு அல்ல அது. அங்கே ஆலிவின் என்ற கனிமமுள்ள பாறையும் கடல்நீரும் வினைபுரிகின்றன, அதில் ஹைட்ரஜன் வருகிறது. இதே மாதிரி ஊற்று 400 கோடி வருடத்துக்கு முன்னால் இருந்ததாக வையுங்கள். வெளியே லேசான அமிலக் கடல், உள்ளே கார நீர், நடுவில் கனிமச் சுவர். அமிலத்தன்மை தரும் புரோட்டான் சுவருக்கு வெளிப்பக்கம் அதிகம், உள்பக்கம் குறைவு. அணையில் தேங்கிய நீர் மதகு வழியே பாய்ந்து மின்சாரம் எடுப்பது போலத்தான். நம் உயிரணுக்களுக்குள் ஆற்றல் எடுக்கும் மைட்டோகாண்ட்ரியா இந்த நிமிடம்வரை செய்வதும் அதே வேலைதான். 1961-ல் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் இதைச் சொன்னபோது நம்ப ஆளில்லை. 1978-ல் நோபல் கொடுத்தார்கள்.

குளத்தங்கரை:
மதகு சார், அழகாகச் சொன்னீர்கள். ஆனால் தண்ணீரை மறந்துவிட்டீர்கள். மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ ஆகட்டும் புரதம் ஆகட்டும், ஒவ்வொரு கண்ணி கோக்கும்போதும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் கடல் இருந்தால் அது எங்கே வெளியேறும்? கோத்த மாலையும் அவிழ்ந்துவிடும்.

கஞ்சி வடித்த பாத்திரத்தைக் கழுவாமல் வைத்துப் பாருங்கள். நீர் வற்ற வற்ற, ஓரத்தில் வட்டமாகப் பொருக்கு கட்டும். குட்டையின் கரையிலும் அதுதான்: காய்ந்தால் சரக்கு செறிவாகி ஒட்டிக்கொள்ளும், மழை பெய்தால் கரைந்து கலக்கும், மறுபடி காயும். டேவிட் டீமர் என்ற விஞ்ஞானி பல வருடமாக இப்படி நனைத்தும் காயவைத்தும்தான் சோதிக்கிறார். நீண்ட இழைகள் கிடைக்கின்றன. டார்வினே 1871-ல் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் வெதுவெதுப்பான சிறு குட்டை என்றுதான் ஊகித்தார்.

2009-ல் வேதியியலாளர் ஜான் சதர்லேண்ட் குழு ஆர்.என்.ஏ-வின் நான்கு எழுத்துகளில் இரண்டை எளிய பொருள்களிலிருந்து செய்து காட்டியது. அதில் புறஊதாக் கதிருக்கு வேலை உண்டு. கடலடியில் ஏது வெயில்?

இன்னொன்று. எல்லா உயிரணுவுக்குள்ளும் சோடியத்தைவிடப் பொட்டாசியம் அதிகம். கடலில் நேர்மாறு, சோடியம் 40 மடங்குக்கும் மேல். கடலில் பிறந்த பிள்ளைக்கு ஏன் கடலின் சாயலே இல்லை?

வால்மீன்:
இரண்டு பேரும் பூமியைவிட்டு வெளியே வர மாட்டீர்களா? பென்னு சிறுகோளிலிருந்து 2023-ல் கொண்டுவந்த மண்ணில், உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருக்கின்றன. டி.என்.ஏ, ஆர்.என்.ஏ எழுத்துகளுக்கு அடிப்படையான காரங்கள் ஐந்தும் இருக்கின்றன. உயிர் மேலேயிருந்து வந்தது என்று ஒப்புக்கொள்ள என்ன தயக்கம்?

குளத்தங்கரை:
சாமான் மேலேயிருந்து விழுந்தது என்றால் சரி, என் குட்டையில்தான் விழுந்திருக்கும், நன்றி. உயிரே விழுந்தது என்றால், அது அங்கே எப்படி வந்தது? 2001-ல் கேரளாவில் சிவப்பு மழை பெய்தபோதும் விண்வெளி உயிரணு என்று சிலர் எழுதினார்கள். பார்த்தால் மரத்தில் ஒட்டி வளரும் பாசியின் வித்துகள்.

மதகு:
சிவப்பு மழை விஷயத்தில் உங்கள் கட்சி. மற்றதில் இல்லை.

உயிரணுவுக்கு உறையான கொழுப்புச் சவ்வு உப்பு நீரில் நிற்காது என்றுகூடத்தான் உங்கள் குட்டைக் கட்சிக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2019-ல் உயிர்வேதியியலாளர் நிக் லேன் குழு பலவகைக் கொழுப்பு அமிலங்களையும் ஆல்கஹால்களையும் கலந்து, காரமான உப்பு நீரிலேயே குமிழிகள் உண்டாக்கிக் காட்டியது. 2020-ல் வேறொரு குழு ஹைட்ரஜன், கார்பன் டைஆக்சைடு, நீர், இரும்பு-நிக்கல் கனிமம் இவற்றை மட்டும் 100 டிகிரியில் ஓர் இரவு வைத்தது. காலையில் ஃபார்மேட், அசிட்டேட், பைருவேட் என்று மூன்று கரிமச் சேர்மங்கள். நொதி எதுவும் இல்லை. பைருவேட் யார் தெரியுமா? நீங்கள் சாப்பிட்ட இட்லி உடம்பில் எரிகிற பாதையில் நடுநாயகம்.

குளத்தங்கரை:
பைருவேட் சரி. ஆர்.என்.ஏ எழுத்து ஒன்று வந்ததா? எரிந்துகொண்டே இருந்தால் போதுமா, செய்முறையை யார் நினைவில் வைப்பது? உயிரணுவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்குள் அமினோ அமிலங்களைக் கோக்கிற இடம் புரதத்தால் ஆனதே இல்லை, ஆர்.என்.ஏ. அந்த அமைப்பைக் காட்டியதற்காக 2009-ல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். பழைய வீட்டை இடித்தால் அஸ்திவாரத்தில் கருங்கல் தெரிவது மாதிரி, அது தெரிகிறது.

மதகு:
அந்த ஆர்.என்.ஏ-வைக் கோக்க எரிபொருள்? நாள்தோறும் யார் கொண்டுவந்து கொட்டினார்கள் உங்கள் குட்டையில்?

குளத்தங்கரை:
வெயில். பொட்டாசியத்துக்கு இன்னும் பதில் வரவில்லை, கவனித்தேன்.

செம்பருத்தி:
நடுவில் வருகிறேன். மகள் படித்துவிட்டு ஒன்று கேட்கிறாள்: மில்லரின் குடுவை கண்ணாடிதானே, கண்ணாடியும் ஒரு வகை மணல்தானே, அதற்குப் பங்கில்லையா?

மதகு:
கெட்டிக்காரப் பெண்! 2021-ல் அதையே சோதித்தார்கள். கண்ணாடிக் குடுவையில் ஒன்று, டெஃப்லான் என்ற பிளாஸ்டிக் குடுவையில் ஒன்று, டெஃப்லானுக்குள் கண்ணாடித் துண்டு போட்டு ஒன்று. வெறும் டெஃப்லானில் விளைச்சல் சொற்பம். துண்டு போட்டதும் கூடியது. முழுக் கண்ணாடியில்தான் அதிகம். அம்மோனியாவால் நீர் காரமாகிக் கண்ணாடியை லேசாக அரிக்கிறது. கார நீரும் கனிமச் சுவரும், கவனியுங்கள்.

குளத்தங்கரை:
என் குட்டைக்கும் கரை பாறைதான் சார், பிளாஸ்டிக் இல்லை.