கடல் தண்ணீரில் நனைந்த நாவலைக் காப்பாற்ற உதவி வேண்டும்

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். போன ஞாயிறு அரிச்சல்முனையில் அலை ஏறிப் பை முழுக்க நனைந்துவிட்டது. உள்ளே என் உயிர்ப் புத்தகம், ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்'. 1965-இல் வந்த நாவல். என்னுடையது பழைய பேப்பர்பேக். உடம்பு வியர்வையையே வடிகட்டிக் குடித்து, பாலைக் கிரகம் அர்ராக்கிஸில் குடியேறி வாழும் மக்களின் கதை. தண்ணியில்லாக் காடு என்று பெயரெடுத்த நம்ம மாவட்டத்துக்காரனுக்குப் பிடிக்காமல் போகுமா? அது தண்ணீரில் கெட்டதுதான் கொடுமை.

இன்றோடு ஆறு நாள். செய்தித்தாளை இடையிடையே செருகி ஃபேனுக்கடியில் விரித்தேன். காயும், சாயங்காலம் கடல்காற்று வந்ததும் மறுபடி பிசுபிசுக்கும். தாளில் தங்கிய உப்பு ஈரத்தை இழுக்கிறது. வெயிலில் போட்டதில் அட்டை அப்பளமாய் வளைந்தது. அக்கா சொன்னாரென்று அரிசிப் பானையில் புதைத்தேன், எறும்புதான் மிச்சம்.

நடுவில் நாற்பது பக்கம் ஒட்டிக் கிடக்கிறது. ஓரமெல்லாம் வெள்ளைப் பூப்பு. முதுகுப் பசை விட்டுவிட்டது. பூஞ்சை இன்னும் இல்லை.

ஈரமாக இருக்கும்போதே நல்ல தண்ணீரில் அலசியிருக்க வேண்டுமாம், எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒருமுறை காய்ந்துவிட்ட தாளை இப்போது அலசினால் தாங்குமா?