NBA டிராஃப்ட்டுக்கு முன்னாடி ஒரு கூடைப்பந்துப் பையனை எப்படி எடை போடுவது?

கார்னர்3:
அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான NBA-வின் அணிகள் புது வீரர்களை வரிசையாக ஒவ்வொருவராக எடுக்கிற டிராஃப்ட்டைப் பற்றித்தான் கேட்கிறேன். 2017-ல் மார்கெல் ஃபுல்ட்ஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அடுத்த பத்து வருஷம் இவர்தான் என்று அறை நண்பனிடம் பிரியாணி பந்தயம் கட்டினேன். 25 ஆட்டம், சராசரி 23 புள்ளிக்கு மேல், மூன்று புள்ளி வீச்சில் 41 சதவீதம், இதற்கு மேல் என்ன வேண்டும்? பிலடெல்பியா அணியும் என்னை மாதிரியே நினைத்து பாஸ்டன் அணியிடம் பேரம் பேசி முதல் இடத்தை வாங்கி அவரை எடுத்தது, பாஸ்டன் மூன்றாம் இடத்துக்கு இறங்கி ஜேசன் டேட்டமை எடுத்தது. மிச்சம் எல்லோருக்கும் தெரியும், டேட்டம் நட்சத்திரம் ஆனார், ஃபுல்ட்ஸ் ஆகவில்லை, பிரியாணி வாங்கிக் கொடுத்தது நான்தான். நிஜமாகவே கேட்கிறேன், நாம் பார்க்காத எதைப் பார்க்க வேண்டும்? இல்லை எல்லாமே லாட்டரிதானா?

பழைய பாயிண்ட் கார்ட்:
ஃப்ரீ த்ரோவை, அதாவது ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லாத வீச்சைப் பாருங்கள். ஃபுல்ட்ஸுக்கு அந்த வருஷம் 65 சதவீதம், டேட்டமுக்கு 85. மூன்று புள்ளியில் ஃபுல்ட்ஸ் 41, டேட்டம் 34 என்பதால் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் ஒரு வருஷம் ஆடுபவர் மொத்தமே நூறு சொச்சம் மூன்று புள்ளி வீச்சுதான் வீசுவார், அதில் நாலைந்து பந்து வளையத்தில் பட்டு வெளியே போயிருந்தால் 41 என்பது 37 ஆகியிருக்கும். ஃப்ரீ த்ரோவில் எதிரில் கை நீட்ட ஆள் கிடையாது, எப்போதும் அதே 15 அடி, அதனால் கை எப்படிப்பட்டது என்று அது சொல்லிவிடும். கவாய் லெனர்ட் கல்லூரியில் கடைசி வருஷம் மூன்று புள்ளியில் 29 சதவீதம்தான், ஆனால் ஃப்ரீ த்ரோ 76. ஜார்ஜ் ஹில்லைக் கொடுத்து அவரை வாங்கிய சான் அன்டோனியோ வீச்சைக் கொஞ்சம் திருத்தியது, முதல் வருஷமே 37 தாண்டிவிட்டார்.

சும்மா ஒரு ரசிகன்:
அண்ணா சொல்வது சரி, ஆனால் ஃபுல்ட்ஸ் விஷயத்தில் இது முடிந்த பிறகு பேசுகிற புத்திசாலித்தனம். அவருக்குத் தோள்பட்டைப் பக்கம் நரம்பு அழுத்தும் பிரச்சினை, 2018 டிசம்பரில்தான் கண்டுபிடித்தார்கள். அதை எந்த சதவீதமும் முன்கூட்டிச் சொல்லாது. என்னைக் கேட்டால் வயசையும் யாரோடு ஆடினார் என்பதையும்தான் முதலில் பார்ப்பேன். லூக்கா டான்சிச் 19 வயசில் ரியல் மாட்ரிட்டுக்கு ஆடி, தாடி வைத்த பெரிய ஆட்கள் நடுவில் ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான யூரோலீக்கின் சிறந்த வீரர் விருதையே வாங்கினார். அமெரிக்காவில் என்ன சொன்னார்கள்? வேகம் பத்தாது, உயரத் தாவ மாட்டார். ஃபீனிக்ஸும் சாக்ரமென்டோவும் அவரை விட்டுவிட்டு எய்ட்டனையும் பேக்லியையும் எடுத்தன. அட்லான்டா எடுத்தும் டல்லாஸுக்குத் தள்ளிவிட்டது. (டிரே யங் கிடைத்தார், அதனால் அவர்களை ரொம்பத் திட்ட மாட்டேன்.)

கார்னர்3:
அப்போ டிராஃப்ட்டுக்கு முன்னாடி நடக்கும் கம்பைன் என்கிற சோதனை முகாமில் உடம்பை அளப்பதெல்லாம் வீண்வேலையா? பிறகு பெரிய நட்சத்திரமான கெவின் டூரன்ட்டால் 185 பவுண்டை ஒரு தடவைகூடத் தூக்க முடியவில்லை என்று படித்திருக்கிறேன்.

மாலை கோச்:
எடை தூக்குவதை விடுங்கள், கைவிரிப்பை விடாதீர்கள். பிறகு தடுப்பாட்டத்தில் பெயர் வாங்கிய டிரேமண்ட் கிரீன் அவர் ஆடும் இடத்துக்குக் குள்ளம் என்று 35-ஆவது இடம் வரை யாரும் தொடவில்லை, ஆனால் இரண்டு கையையும் விரித்தால் 7 அடிக்கு மேல். அதே சமயம் அளவு மட்டும் இருந்தாலும் போதாது. நம்ம சத்னாம் சிங் 7 அடி 2 அங்குலம், 2015-ல் டல்லாஸ் 52-ஆவதாக எடுத்தது, ஒரு NBA ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை.

நான் சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவன். ஹைலைட்ஸ் பார்ப்பதை விட்டுவிட்டு முழு ஆட்டம் ஒன்றை எடுங்கள், அதுவும் அவர் அணி தோற்ற ஆட்டமாக இருந்தால் நல்லது. பந்தோடு வருகிற பையனுக்கு ஸ்கிரீன் போடுகிறார்கள், அதாவது கூட ஆடுபவன் குறுக்கே நின்று தடுப்பவனை மறிக்கிறான், இரண்டாவது ஆளும் அவன் மேல் பாய்கிறான், அந்த நொடியில் வீடியோவை நிறுத்துங்கள். மூலையில் ஒருத்தன் தனியாக நிற்பான். நம் பையன் இன்னும் எத்தனை தடவை பந்தைத் தட்டிவிட்டு அவனைப் பார்க்கிறான் என்று எண்ணுங்கள். சில பேர் தட்டவே மாட்டார்கள், பந்து ஏற்கனவே கையை விட்டுப் போயிருக்கும். அடுத்து ஐந்து நிமிஷம் பந்தையே பார்க்காமல் அவனை மட்டும் பாருங்கள். கூட ஆடுபவன் எதிராளியை விட்டுவிட்டால் இவன் ஓரடி நகர்ந்து வழியை அடைக்கிறானா, இல்லை இடுப்பில் கை வைத்து நிற்கிறானா? பிறகு NBA-வின் சிறந்த வீரர் விருதையே வாங்கிய நிகோலா யோகிச் 41-ஆவதாகப் போனதே இதையெல்லாம் யாரும் சரியாக எண்ணாததால்தான் என்பது என் கட்சி. அவர் பெயரை அறிவித்தபோது டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

கார்னர்3:
இப்போதே ஒரு முழு ஆட்டம் போட்டுவிட்டேன். பத்து நிமிஷத்தில் நான் தலையில் வைத்துக் கொண்டாடின பையன் நாலு தடவை இடுப்பில் கை வைத்துவிட்டான். அறை நண்பனிடம் இந்த வருஷமும் பந்தயம் கட்டியாகிவிட்டதே, இப்போ என்ன செய்ய?

பழைய பாயிண்ட் கார்ட்:
அவன் ஃப்ரீ த்ரோ எவ்வளவு?

கார்னர்3:
58.

பழைய பாயிண்ட் கார்ட்:
மட்டனா சிக்கனா என்று மட்டும் நண்பனிடம் கேட்டு வையுங்கள்.