டிக்ஸி சிக்ஸ், 2003: பாட்டை நிறுத்தியது முதலாளியா, நேயரா?

வடக்குவாசல் கேட்டது:

வணக்கம். போர்க்காலத்தில் அரசியல் பேசிய கலைஞர்கள் வாங்கிக்கட்டிக்கொண்ட கதை என்றாலே டிக்ஸி சிக்ஸ் என்ற டெக்சாஸ் பாடகியர் மூவரின் பெயர்தான் முதலில் வருகிறது. ஆனால் எழுதுகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். புஷ் அரசு தடை செய்தது என்கிறார் ஒருவர். க்ளியர் சேனல் என்ற வானொலி நிறுவனம் தடை செய்தது என்கிறார் இன்னொருவர். யாரும் தடை செய்யவில்லை, ரசிகர்களே கைவிட்டார்கள் என்பது மூன்றாவது கட்சி.

இதழியல் மாணவர்களுக்கான வகுப்புக் குறிப்பில் இதைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. உண்மையில் என்ன சொன்னார்கள், என்றைக்குச் சொன்னார்கள்? வானொலியில் பாட்டு நின்றது எந்த வழியில்? பணமாக எவ்வளவு அடி? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கட்சி வாதம் வேண்டாம்.

அலைவரிசை:

முதலில் தேதிகளைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

2003 மார்ச் 10, லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கம். மூவரில் முதன்மைப் பாடகி நேட்டலி மெய்ன்ஸ் அடுத்த பாட்டை அறிமுகப்படுத்தும்போது பேசியது இது. இந்தப் போரும் இந்த வன்முறையும் எங்களுக்கு வேண்டாம், அமெரிக்க ஜனாதிபதி டெக்சாஸ்காரர் என்பதில் எங்களுக்கு வெட்கம் என்பதுதான் சாரம். ஈராக்மீது தாக்குதல் தொடங்கியது மார்ச் 20. ஆக, பேசியபோது போர் இன்னும் தொடங்கவில்லை. கோபம் உச்சத்துக்குப் போனபோது தொடங்கிவிட்டது. பிற்காலக் கட்டுரைகள் இந்தப் பத்து நாளைத் தின்றுவிட்டு, ‘போர் நடக்கும்போது பேசினார்’ என்று எழுதிவிடுகின்றன.

மார்ச் 12 அன்று ‘கார்டியன்’ நாளிதழில் கச்சேரி விமர்சனம் வந்தது. அதில் ‘வெட்கம்’ வரி மட்டும்தான் இருந்தது. போர் வேண்டாம் என்ற முன்பகுதி விடுபட்டிருந்தது. அமெரிக்கச் செய்தி நிறுவனங்கள் எடுத்துக்கொண்டது அந்த வெட்டுப்பட்ட வடிவத்தைத்தான். போரைப் பற்றிய கருத்து காணாமல் போய், ஜனாதிபதியைச் சொந்த ஊர்க்காரர் வெளிநாட்டில் வைத்து அவமானப்படுத்தினார் என்பது மட்டும் மிஞ்சியது. மாணவர்களுக்குக் காட்ட வேண்டிய இடம் இதுதான். இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள்.

அவர் அறிமுகப்படுத்திய பாட்டு ‘டிராவலின் சோல்ஜர்’. வியட்நாமுக்குப் போய்த் திரும்பி வராத ஒரு சிப்பாய்ப் பையனையும் அவனுக்காகக் காத்திருந்த பெண்ணையும் பற்றியது. மார்ச் 22 தேதியிட்ட, பில்போர்டு என்ற அமெரிக்க இசை இதழின் கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை வகை) பட்டியலில் அதற்குத்தான் முதலிடம். இங்கே ஒரு எச்சரிக்கை. பில்போர்டு இதழின் தேதி, கணக்கெடுத்த வாரத்தைவிட முன்னால் ஓடும். மார்ச் 22 என்று அச்சில் இருப்பதால், சர்ச்சைக்குப் பிறகும் முதலிடத்தில் இருந்தது என்று எழுதிவிடாதீர்கள். அடுத்தடுத்த வாரங்களில் அந்தப் பாட்டு பட்டியலைவிட்டே போனது. ஏப்ரல் 5 தேதியிட்ட பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது, செப்டம்பர் 11 தாக்குதலை மறந்துவிட்டீர்களா என்று கேட்கும் டாரில் வொர்லியின் பாட்டு. அது 7 வாரம் அங்கேயே இருந்தது. கன்ட்ரி வானொலி எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்கு இந்த இரண்டு பட்டியல்களே போதும்.

ஒலிச்சாவடி:

வானொலி எப்படி நின்றது என்பதைச் சொல்கிறேன். அரசு உத்தரவு என்று எதுவும் இல்லை. அதை எழுதினால் தவறு.

அன்றைய கன்ட்ரி நிலையம் ஒன்றில் எந்தப் பாட்டு, எத்தனை தடவை என்பதை நிகழ்ச்சிப் பொறுப்பாளர் முடிவு செய்வார். புதுப்பாட்டுகள் வேகமாகச் சுற்றுபவை, நடுத்தரம், மெதுவானவை என்று பிரிக்கப்பட்டு அட்டவணை மென்பொருளில் ஏற்றப்பட்டிருக்கும். பழைய வெற்றிப்பாட்டுகளுக்குத் தனி அடுக்கு. ஒரு குழுவை நிறுத்த அறிவிப்பு, கடிதம் எதுவும் தேவையில்லை. அவர்கள் பெயரில் உள்ள பாட்டுகளை அடுக்கிலிருந்து எடுத்து ‘நிறுத்திவை’ என்று குறித்தால் போதும். சில நிமிட வேலை. மறுநாள் அட்டவணை அவர்கள் இல்லாமலேயே தயாராகிவிடும். நேயருக்கு எதுவும் அறுந்த மாதிரித் தெரியாது.

ஏன் இவ்வளவு சுலபமாக எடுத்தார்கள்? அளவீட்டு முறையைப் பாருங்கள். அப்போது நேயர் எண்ணிக்கையை அளந்த ஆர்பிட்ரான் நிறுவனம் தேர்ந்தெடுத்த சில வீடுகளுக்குக் காகித டைரி அனுப்பும். ஒரு வாரம் எந்த நிலையத்தை எப்போது கேட்டோம் என்று அவர்கள் எழுதி அனுப்ப வேண்டும். கால் மணி நேரத்தில் 5 நிமிடம் கேட்டிருந்தால் அந்தக் கால் மணியும் நிலையத்தின் கணக்கில் சேரும். சின்ன ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய டைரிக்காரர்கள் பொத்தானை மாற்றினாலே நிலையத்தின் தரவரிசை ஆடும், விளம்பரக் கட்டணமும் கூடவே ஆடும். வசந்தகாலக் கணக்கெடுப்போ ஏப்ரலை ஒட்டித் தொடங்குவது. எரிச்சலூட்டக்கூடிய ஒரு பாட்டைப் போடுவதைவிட யாருக்கும் பிரச்சினை இல்லாத ஒன்றைப் போடலாம் என்பது அந்தத் தொழிலின் பழைய புத்தி. பாட்டைப் போடாததற்காக நிலையத்தை மாற்றுகிறவர் அபூர்வம். போட்டதற்காக மாற்றுகிறவர் உண்டு. இந்த ஏற்றத்தாழ்வுதான் எல்லாவற்றையும் ஒரே பக்கம் தள்ளியது.

அழைப்புகளை நம்பியதுதான் அவர்கள் செய்த பிழை. வலதுசாரி இணையதளங்களில் நிலையங்களுக்குத் தொலைபேசியில் அழைக்கச் சொல்லி ஆள் திரட்டினார்கள். தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தால் ஊரே கோபமாக இருப்பதாகத் தோன்றும். அழைத்தவர் உள்ளூர்க்காரரா, அந்த நிலையத்தைக் கேட்கிறவரா என்று சோதிக்க வழியில்லை. கோபப்படாதவர் அழைப்பதும் இல்லை.

இனி நிறுவனங்கள். கியூமுலஸ் என்ற வானொலி நிறுவனம் தன்னிடமிருந்த 42 கன்ட்ரி நிலையங்களிலும் 30 நாள் அவர்கள் பாட்டைப் போடக்கூடாது என்று தலைமையகத்திலிருந்தே சொன்னது. இது உறுதியான, நிறுவனமே ஒப்புக்கொண்ட தடை. காக்ஸ் நிறுவனமும் தன் கன்ட்ரி நிலையங்களில் நிறுத்தியது. க்ளியர் சேனல் விஷயத்தில் கவனம் தேவை. 1996 தொலைத்தொடர்புச் சட்டம் உச்சவரம்பை எடுத்த பிறகு அது 1,200 நிலையங்களைத் தொட்ட நிறுவனம், அதன் சில நிலையங்கள் போர் ஆதரவுப் பேரணிகளுக்குத் துணை நின்றன. இதனால் பழி முழுக்க அதன்மேல் விழுந்தது. ஆனால் டிக்ஸி சிக்ஸின் அந்த ஆண்டுச் சுற்றுப்பயணத்தை நடத்தியதே அந்த நிறுவனத்தின் கச்சேரிப் பிரிவுதான். தன் டிக்கெட்டைத் தானே கெடுத்துக்கொள்ள அதற்கு என்ன அவசியம்? சமூகவியலாளர் கேப்ரியல் ராஸ்மன் நிலையவாரியாக ஒலிபரப்புத் தரவை எடுத்து 2004இல் வெளியிட்ட ஆய்விலும், பல நிலையங்களை வைத்திருந்த பெரிய நிறுவனங்கள் மற்றவர்களைவிட அதிகமாக ஒதுக்கவில்லை, பழமைவாதச் சாய்வுள்ள நேயர்களின் எதிர்ப்பே முதன்மைக் காரணம் என்றுதான் வந்தது.

வடக்குவாசல்:

நன்றி, இருவருக்கும். அப்படியென்றால் இதைத் தணிக்கை என்று எழுதலாமா, கூடாதா? மாணவர்கள் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

மூன்றாம்பக்கம்:

சட்டச் சொல்லாக எழுத முடியாது. அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசை மட்டும். எந்தப் பாட்டைப் போட வேண்டும் என்று வானொலி உரிமத்தில் நிபந்தனை கிடையாது. சம நேரம் தரவேண்டும் என்ற விதி தேர்தல் வேட்பாளர்களுக்குத்தான். அரசுத் தரப்பில் நடந்ததைச் சொல்வதென்றால், தென் கரோலினா சட்டமன்றக் கீழவையில், படைவீரர் குடும்பங்களுக்கு இலவசக் கச்சேரி நடத்தச் சொல்லி ஒரு தீர்மானம் வந்தது. யாரையும் கட்டுப்படுத்தாத தீர்மானம். ஆனாலும் சட்டமன்றம் ஒரு பாடகியின் பேச்சுக்குப் பரிகாரம் கேட்பது நல்ல வழக்கம் அல்ல.

நேயர் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லுங்கள். பிடிக்காத பாடகியின் பாட்டைக் கேட்காமல் இருப்பதும், அதை நிலையத்துக்கு அழைத்துச் சொல்வதும் பேச்சுரிமைதான். புஷ்ஷும் ஏப்ரல் 24 அன்று என்பிசி தொலைக்காட்சி நேர்காணலில் அதையேதான் சொன்னார்: அவர்கள் பேசலாம், ஆனால் அதற்காகச் சிலர் இசைத்தட்டு வாங்காவிட்டால் மனம் புண்படக்கூடாது என்று. நேயரைப் பொறுத்தவரை இந்த வாதம் செல்லும். நிறுவனத்துக்குச் செல்லுமா என்பதுதான் கேள்வி.

அதை நேருக்கு நேர் கேட்டவர் செனட்டர் ஜான் மெக்கெய்ன். குடியரசுக் கட்சிக்காரர், வியட்நாமில் போர்க்கைதியாக இருந்தவர், போரை ஆதரித்தவர். 2003 ஜூலை 8, செனட் வர்த்தகக் குழு விசாரணை. கியூமுலஸ் தலைவர் லூயிஸ் டிக்கியும் டிக்ஸி சிக்ஸின் மேலாளர் சைமன் ரென்ஷாவும் சாட்சி சொன்னார்கள். அந்தப் பேச்சு தனக்கும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் மெக்கெய்ன் தொடங்கினார். உள்ளூர் நிலையம் தன் ஊர் நேயரைப் பார்த்து முடிவெடுத்தால் அது வேறு, தலைமையகம் எல்லா ஊருக்கும் சேர்த்து முடிவெடுப்பது வேறு என்பது அவர் வாதம். பின்னணியையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ஊடக உடைமை விதிகளைத் தளர்த்த, அமெரிக்கத் தகவல் தொடர்பு ஒழுங்கு ஆணையமான எஃப்சிசி வாக்களித்தது அதே ஆண்டு ஜூன் 2 அன்று. ஒரே கை இத்தனை நிலையங்களை வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் செனட் குழுவுக்கு இது கையில் கிடைத்த சான்று.

என்னைக் கேட்டால், குறிப்பில் ‘தடை’ என்ற சொல்லைக் கியூமுலஸ் போன்ற தலைமையக உத்தரவுக்கு மட்டும் வையுங்கள். நேயர் செய்ததற்குப் ‘புறக்கணிப்பு’. அந்தந்த ஊர் பொறுப்பாளர் பயந்து எடுத்ததற்கு ‘ஒதுக்கல்’. மூன்றையும் ஒரே சொல்லில் அடைக்கும்போதுதான் சண்டை வருகிறது. கொலரடோ ஸ்பிரிங்ஸில் ஒரு நிலையத்தில் விலக்கை மீறி அவர்கள் பாட்டைத் தொடர்ந்து போட்ட இரண்டு அறிவிப்பாளர்கள் மே மாதம் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அங்கே எந்தச் சொல் பொருந்தும் என்று மாணவர்களையே கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:

பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

லூசியானாவின் போசியர் சிட்டியில் ஒரு நிலையம் ஏற்பாடு செய்த கூட்டத்தில், 33,000 பவுண்டு, அதாவது சுமார் 15 டன் எடையுள்ள டிராக்டரை விட்டு இசைத்தட்டுகளையும் மற்றப் பொருட்களையும் நசுக்கினார்கள். கன்சாஸ் சிட்டியில் ஒரு நிலைய வாசலில் குப்பைத்தொட்டி வைத்தார்கள். அதில் இசைத்தட்டோடு கச்சேரி டிக்கெட்டும் விழுந்தது. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டியது இந்தக் காட்சிகளைத்தான். கணக்கில் இவற்றால் குழுவுக்கு நட்டம் ஒரு காசு இல்லை. நசுங்கிய தட்டு ஏற்கெனவே விற்றுப் பணம் வந்தது. டிக்கெட்டும் அப்படியே: மார்ச் 1 அன்றே, பேச்சுக்கு 9 நாள் முன்பே, விற்பனை தொடங்கிப் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. அதனால்தான் மே 1 அன்று தென் கரோலினாவின் கிரீன்வில்லில் தொடங்கிய பயணம் நிறைந்த அரங்குகளோடு நடந்து, 60 மில்லியன் டாலருக்கு மேல் ஈட்டியது.

அடி விழுந்த இடம் படம்பிடிக்க முடியாத இடம். ஒலிச்சாவடி சொன்ன அந்த ‘நிறுத்திவை’ குறிதான். அவர்களுடைய ‘லேண்ட்ஸ்லைட்’ பாட்டு பில்போர்டின் பொதுப்பட்டியலான ஹாட் 100இல் ஒரே வாரத்தில் 10ஆம் இடத்திலிருந்து 43க்கு விழுந்தது. அந்தப் பட்டியலில் ஒலிபரப்பு எண்ணிக்கைக்கு எடை மிக அதிகம். வானொலி கைவிட்டதும் எண் அப்படியே சரிந்துவிடும். 43 என்பதைப் பார்த்து ரசிகர்களில் இத்தனை பேர் போய்விட்டார்கள் என்று கணக்குப் போடாதீர்கள்.

உண்மையான விலை 2006இல் தெரிந்தது. புதுத் தொகுப்பு முதல் வாரம் 5,26,000 பிரதி விற்று முதலிடத்தில் நுழைந்தது. ஆனால் முதல் பாட்டு கன்ட்ரி பட்டியலில் 36ஐத் தாண்டவில்லை. அந்த ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் அமெரிக்காவின் உள்பகுதி நகரங்கள் பலவற்றில் டிக்கெட் ஓடாமல் தேதிகளை ரத்து செய்து, கனடாவில் தேதி சேர்த்தார்கள். 2003இல் பயணம் தப்பித்ததற்கு முன்விற்பனைதான் காரணம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2007 பிப்ரவரியில் 5 கிராமி விருதுகள் வாங்கினார்கள், ஆண்டின் சிறந்த தொகுப்பு உட்பட. கன்ட்ரி வானொலி அப்போதும் திரும்பவில்லை. அடுத்த தொகுப்பு வந்தது 2020இல்.

அலைவரிசை:

மெய்ன்ஸின் மன்னிப்பு அறிக்கையை விட்டுவிட்டேன், சேர்த்துக்கொள்ளுங்கள். அறிக்கை ஒன்றல்ல, இரண்டு. மார்ச் 12 அன்று வந்தது விளக்கம்: படைவீரர்களுக்கு எங்கள் ஆதரவு உண்டு, கருத்துச் சொல்வது அமெரிக்கராக இருப்பதன் உரிமை என்று. 14 அன்று வந்தது மன்னிப்பு: அந்தச் சொல் மரியாதைக் குறைவானது, அந்தப் பதவியில் யார் இருந்தாலும் மரியாதை தர வேண்டும் என்று. போர் பற்றிய கருத்தை அவர் அதிலும் திரும்பப் பெறவில்லை. ஆனால் இரண்டு நாளில் இரண்டு தொனி என்றால் கேட்பவருக்குப் பயந்துவிட்டார் என்றுதான் படும். கோபக்காரர்கள் அதை ஏற்கவில்லை. போரை எதிர்த்தவர்களுக்கும் ஏமாற்றம். 2006 மே மாதம் ‘டைம்’ இதழில் அந்த மன்னிப்பையும் அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இன்னொன்று, மிரட்டலைப் புறக்கணிப்போடு சேர்த்து ஒரே பத்தியில் எழுதாதீர்கள். 2003 ஜூலை 6 டல்லஸ் கச்சேரியில் மெய்ன்ஸைச் சுட்டுக் கொல்வோம் என்று நாள் குறித்து வந்த கடிதம் கருத்து வேறுபாடு அல்ல, குற்றம். காவல் பாதுகாப்போடுதான் அன்று மேடை ஏறினார். செனட் விசாரணை அதற்கு இரண்டு நாள் கழித்து. உங்கள் காலவரிசையில் இந்த இரண்டு தேதிகளும் அடுத்தடுத்த வரிகளில் வரட்டும்.

வடக்குவாசல்:

அப்படியே செய்கிறேன். தடை, புறக்கணிப்பு, ஒதுக்கல் மூன்றுக்கும் மூன்று பத்தி, மிரட்டலுக்குத் தனிப்பக்கம். மார்ச் 10 பேச்சின் முழு வடிவத்தையும் மார்ச் 12 அச்சு வடிவத்தையும் முதல் பக்கத்தில் எதிரெதிரே போட்டுவிடுகிறேன்.